கங்காணிப் பற்றிலிருந்து ரேஷன் அட்டை வரை: நீலகிரியின் அடுப்படிக் கணக்கு

வீட்டுச் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க வழி சொல்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே பட்டியலைத்தான் தருகிறார்கள். மாதம் பிறந்ததும் கணக்குப் போடுங்கள். மளிகையை மொத்தமாக வாங்குங்கள். நாலு கடையில் விலை விசாரியுங்கள். கடன் சொல்லி வாங்காதீர்கள். அந்தந்தப் பருவத்தில் மலிவாக விளைவதைச் சமையுங்கள். ஐந்துமே நல்ல புத்திமதிதான். ஆனால் முதல் நான்கில் ஒவ்வொன்றுக்கும் அடியில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. கணக்குப் போட, வருமானம் இவ்வளவு என்று முன்னதாகத் தெரிய வேண்டும். மொத்தமாக வாங்க, கையில் ரொக்கம் வேண்டும். விலை விசாரிக்க, நடந்து போகிற தூரத்தில் நாலு கடை வேண்டும். கடனைத் தவிர்க்க, அடுத்த சம்பளம் வரை அரிசிப் பானை காலியாகாமல் இருக்க வேண்டும். நீலகிரி மலையின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் பார்த்தால், அங்கே உழைத்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நிபந்தனைகள் நெடுங்காலம் வாய்க்கவில்லை. வாய்த்தபோது ஒவ்வொன்றாக, சட்டத்தாலும் போராட்டத்தாலும் அரசின் முடிவுகளாலும்தான் வாய்த்தன. சிக்கனத்தைக் குணமாகப் பார்ப்பது நம் பழக்கம். கூலி எப்படிக் கைக்கு வருகிறது, தானியம் எந்த வழியில் வீட்டுக்கு வருகிறது என்ற இரண்டும்தான் அந்தக் குணத்துக்கு இடம் தருகின்றன அல்லது மறுக்கின்றன என்பதற்கு இந்த மலையின் வரலாறு நல்ல சாட்சி.

தேயிலை வருவதற்கு முன்னால் மலையின் கணக்கு பணத்தில் இல்லை, தானியத்தில் இருந்தது. படுகர் சாமையும் ராகியும் விளைவித்தார்கள். தோடர் எருமை மேய்த்துப் பாலும் நெய்யும் தந்தார்கள். கோத்தர் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்தார்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் இசைத்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அப்போதைக்கப்போது விலை பேசும் ஏற்பாடல்ல இது. குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறையாகத் தொடர்ந்த உறவு. கருவி செய்து தந்த கோத்தர் வீட்டுக்கு அறுவடையில் படுகர் வீட்டிலிருந்து தானியம் போகும். இதைப் பொற்காலமாகப் பாடத் தேவையில்லை. உயர்வு தாழ்வு அதற்குள் அழுத்தமாகவே இருந்தது. பில்லி சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர்கள் கொல்லப்பட்ட நிகழ்ச்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருக்கின்றன. ஆனாலும் நம் கேள்விக்கு வேண்டிய ஒன்று அங்கே இருந்தது: அறுவடை முடிந்த அன்றே வருஷச் சாப்பாடு எவ்வளவு என்று வீட்டுக்குத் தெரியும். குறைந்தால் எங்கே இறுக்கிப் பிடிப்பது என்று முடிவு செய்ய அவகாசமும் இருக்கும். 1930-களில் கோத்தரிடையே ஆய்வு செய்த டேவிட் மேண்டல்பாம் போன்றவர்கள் போய்ச் சேர்ந்தபோது இந்தக் கொடுக்கல் வாங்கல் குலைந்துகொண்டிருந்தது. சந்தையும் பணமும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

பணம் வந்த வழி தோட்டங்களின் வழி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிய பிறகு உதகை வெள்ளைக்காரர்களின் கோடைவாசஸ்தலமானது. முதலில் காப்பி, பிறகு 1850-களின் இறுதியிலிருந்து தாய்சோலை, டன்சாண்டேல் போன்ற இடங்களில் தேயிலை என்று மலைச்சரிவுகள் மாறின. வேலைக்கு ஆட்கள் கோயம்புத்தூர், சேலம், மைசூர்ப் பக்கங்களிலிருந்து வந்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் சமவெளி மக்களைப் பிழைப்புத் தேடி எங்கெங்கோ துரத்தியது. தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பது அதனால் எளிதாயிற்று. வந்தவர்கள் சாப்பிட்டது அரிசி. மலையில் அது போதிய அளவு விளையாது. கீழேயிருந்து மாட்டு வண்டியில் கணவாய் ஏறித்தான் வர வேண்டும். ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல், உதகைக்குப் போனது 1908-ல். ஆக, தோட்டத்து அடுப்பில் வேகும் ஒவ்வொரு படி அரிசியிலும் ஏற்றுக்கூலி சேர்ந்திருந்தது. கடைவீதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கடை எது என்பதையும் விலை எது என்பதையும் சாப்பிடுகிறவர் தீர்மானிக்கவில்லை.

அவருக்காகத் தீர்மானித்தவர் கங்காணி. சில இடங்களில் மேஸ்திரி என்பார்கள். ஊரில் முன்பணம் கொடுத்து ஆளைச் சேர்ப்பது, மலைக்குக் கூட்டி வருவது, வேலை வாங்குவது, தன் ஆட்களின் கூலியில் தனக்குரிய கமிஷன் பெறுவது எல்லாம் அவர் பொறுப்பு. தென்னிந்தியத் தோட்டங்களில் பரவலாக இருந்த வழக்கம் இதுதான்: சாப்பாட்டுக்கென்று வாராவாரம் ‘செலவுக்காசு’ என்ற சிறு தொகையோ அரிசியோ கிடைக்கும், முழுக்கணக்கு பல மாதம் கழித்துத்தான் தீரும். தீர்க்கும்போது வேலைப் பதிவில் பேர் விழுந்த நாள்களுக்கான கூலி ஒரு பக்கம். மறுபக்கம் ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசி, குளிருக்குக் கொடுத்த கம்பளி, அதுவரை வாங்கிய செலவுக்காசு. எழுதியவர் ஒருவர், கைநாட்டு வைத்தவர் வேறொருவர். மிச்சம் நிற்குமா, பாக்கி நிற்குமா என்பது அந்த நாள் வரை தெரியாது. பாக்கி நின்றால் மறுபடி வர வேண்டும். இடையில் போய்விட முடியாதபடி சட்டமும் காவலிருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத தொழிலாளியைக் குற்றவாளியாக்கிய 1859-ஆம் வருஷச் சட்டம் 1920-களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது. அதோடு தோட்டத் தொழிலாளருக்கென்றே சென்னை மாகாணம் 1903-ல் தனிச்சட்டம் போட்டு 1920-களின் இறுதி வரை வைத்திருந்தது. கூலியைச் சரக்காகக் கொடுக்கக் கூடாது, காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று பல தொழில்களுக்குப் பிரிட்டன் தன் நாட்டில் 1831-லேயே சட்டம் செய்திருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாளி நடத்தும் கடையில் முதலாளி சொல்லும் விலைக்கு வாங்கும் தொழிலாளியால் சேமிக்க முடியாது என்பது தோட்டத்துரைகளின் சொந்த ஊரில் முன்பே புரிந்திருந்த விஷயம்.

இதற்குத் தோட்டத் தரப்பில் எப்போதும் ஒரு பதில் உண்டு. கூலிக்காரன் ஊதாரி, கையில் மொத்தமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பான், வாரம் வாரம் அரிசியாகக் கொடுப்பதே அவன் பெண்டு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது அது. இதை முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. சாராயம் அன்றும் குடும்பத்தைக் குடித்தது; டாஸ்மாக் இன்றும் குடிக்கிறது. சம்பள நாள் மாலையில் பணம் வீடு சேருமா என்ற கவலை தோட்டத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த வாதம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது. கணக்கு எப்போது முடியும், எவ்வளவு நிற்கும் என்று தெரியாதவனுக்கு மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை. இந்த வாரம் ஒரு வேளை குறைத்து உண்டால் அந்த லாபம் பற்றுப் புத்தகத்துக்குள் மறைந்துவிடும். மேலும், தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் குடிக்கிறார்கள் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. அப்படியிருந்தும் அவர்கள் கூலியும் அதே பற்றில்தான் விழுந்தது. ஊதாரித்தனத்தைத் தடுக்கத்தான் அந்த முறை என்றால், பெண்கள் கையிலாவது ரொக்கத்தைக் கொடுத்திருக்கலாமே.

அதே மலையில் இன்னொரு வகை மளிகைக் கணக்கும் நடந்துகொண்டிருந்தது. சமவெளியிலிருந்து துரைமார்களுக்குத் தபால் சுமந்துகொண்டிருந்த முத்துசாமி முதலியார், ஒரு வெள்ளைக்காரரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி 1905-ல் குன்னூர் வண்ணாரப்பேட்டையில் கடை வைத்தார். அதுதான் 1936-ல் பெங்களூருக்குப் போய், பிற்பாடு தென்னிந்தியாவின் முன்னோடி சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒன்றாக வளர்ந்த ‘நீல்கிரிஸ்’. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று இன்றும் நாம் இங்கிலீஷ் காய் என்று சொல்பவை துரை வீட்டு மேசைக்காகவே முதலில் இந்த மலையில் பயிராயின. அவற்றை விளைவித்த மலை விவசாயிக்கும் விலை பேசும் பலம் சும்மா வரவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிகளில் தரகர் சொன்னதே விலை என்றிருந்த நிலையில் 1935-ல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் பிறந்தது. படுகர் தலைவர் ஆரி கவுடர் அதை நெடுங்காலம் வழிநடத்தினார். வாங்குகிறவர்கள் கூடினால் விலை குறையும் என்பதைத் திருவல்லிக்கேணியில் 1904-ல் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை சென்னையின் குமாஸ்தாக் குடும்பங்களுக்குக் காட்டியிருந்தது. மாதச் சம்பளக்காரருக்கும் நிலம் வைத்திருந்தவருக்கும் இப்படி ஒரு வழி திறந்தது. லயத்தில் இருந்தவருக்குத் திறக்கவில்லை. காரணம் கஞ்சத்தனமோ ஊதாரித்தனமோ அல்ல. சங்கத்தில் பங்கு வாங்க ரொக்கமும் சொந்தமான முகவரியும் வேண்டும்.

அந்த ரொக்கம் தொழிலாளி கைக்கு வந்த கதை நிதானமானது. 1929-ல் அமைந்து 1931-ல் தொழிலாளர் நிலை பற்றி அறிக்கை தந்த விட்லி கமிஷன் கங்காணி முன்பணத்தின் தீமைகளைப் பதிவு செய்தது. உலகப் போர்க்காலத்தில் பர்மா அரிசி நின்று போய்ப் பங்கீட்டு முறை வந்தது. 1946-ல் விசாரணை அதிகாரி ரேகே தோட்டத் தொழிலாளரின் நிலை பற்றி விரிவான அறிக்கை கொடுத்தார். 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம். கங்காணி முறை அதன் பிறகு படிப்படியாக ஒழிந்தது. தொழிற்சங்கங்களும் தோட்ட முதலாளிகளும் பேசி முடிக்கும் கூலி ஒப்பந்தங்கள் வழக்கமாயின. அஸ்ஸாம், டூவார்ஸ் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதி மலிவு ரேஷனாகவே பல பத்தாண்டுகள் தொடர, தெற்கில் கூலி காசாக மாறியது. இந்த மாற்றத்தோடுதான் அரசாங்கம் தோட்டத்துச் சமையலறைக் கணக்கைக் கையில் எடுத்துப் படித்தது. 1958-59-ல் நாடெங்கும் 50 மையங்களில் தொழிலாளர் குடும்பச் செலவு ஆய்வு நடந்தது; அவற்றில் 10 தோட்ட மையங்கள், குன்னூர் அவற்றில் ஒன்று. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, வெற்றிலை பாக்குக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். 1960-ஐ அடிப்படையாகக் கொண்ட விலைவாசிக் குறியீட்டெண் அதிலிருந்து பிறந்தது. குன்னூர்க் கடைவீதியில் அரிசி விலை ஏறினால் அது அரசுக் கணக்கில் ஓர் எண்ணாக ஏறும் ஏற்பாடு அது.

அந்தக் குறியீட்டெண்ணில் நம் வாதத்துக்கு வலுவான சான்று இருக்கிறது. அகில இந்திய அளவில் தொழிலாளர் குடும்பச் செலவில் உணவுக்குக் கொடுத்த எடை 1960 வரிசையில் சுமார் 60 விழுக்காடு, 1982 வரிசையில் 57, 2001-ல் சுமார் 46, 2016-ல் 39. வருமானம் கூடக்கூட உணவின் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே கண்டதுதான் இது. தாய்மார்கள் 1960-ல் கணக்குத் தெரியாதவர்களாக இருந்து 2016-க்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சொல்லப்போனால், நூற்றுக்கு அறுபதை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் துணி, மருந்து, பள்ளிக்கூடம், கல்யாணம், ஊருக்குப் போகும் பஸ் சார்ஜ் எல்லாவற்றையும் முடித்தவர்தான் கணக்கில் கெட்டிக்காரர். சேமிப்பு வளர்ந்ததற்குக் காரணம் வீட்டுக்குள் வந்த அறிவு அல்ல, வீட்டுக்கு வெளியே மாறிய வருமானமும் விலையும்.

இதை இன்னும் கூர்மையாகக் காட்டுவது இலங்கையிலிருந்து வந்தவர்களின் கதை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும். அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று அதன் தோட்டங்கள் விரிந்தன. வந்தவர்களில் பலர் 1973-74-ல் இலங்கைத் தோட்டங்களில் பங்கீட்டு உணவு குறுகிப் பட்டினியால் உயிர்கள் போனதைக் கண்ணால் கண்டவர்கள். கோதுமை மாவில் தேங்காய் சேர்த்துத் தட்டிச் சுட்ட ரொட்டியும், உரலில் இடித்த அல்லது அம்மியில் அரைத்த சம்பலும் அவர்களோடு மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தன. அது ருசிக்காக வளர்ந்த பழக்கம் என்பதைவிட அரிசி கிடைக்காத நாளைச் சமாளித்த பழக்கம். ஒரு ரொட்டியும் சாயத் தேநீருமாகக் காலையை முடித்து மலையேறும் சிக்கனம் அவர்களுக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதாக இருக்கவில்லை. இருந்தும் புனர்வாழ்வுக் கடன், வட்டிக்காரர், வேலை கிடைக்கும் வரை காத்திருப்பு என்று பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. உலகில் எவரையும்விடக் குறைவாகச் செலவழிக்கத் தெரிந்தவர்கள் கடனாளி ஆனார்கள் என்றால், குறை செலவில் இல்லை.

இந்தக் கணக்கைப் பெரிதும் மாற்றியது ரேஷன் கடை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தோடு 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்தார். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. மத்திய அரசு 1997-ல் ஏழைகளை மட்டும் பிரித்தெடுக்கும் முறைக்கு மாறியபோது தமிழகம் மாறவில்லை. அட்டை உள்ள எல்லோருக்கும் அரிசி என்பதைப் பிடித்துக்கொண்டது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல். இடையில் 2007-ல் துவரம்பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. கங்காணிப் பற்றையும் ரேஷன் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் அரிசி கடனாக வந்தது, விலை தெரியாது, வேலையை விட்டால் அரிசியும் போகும். பின்னதில் அளவும் விலையும் கடைப் பலகையில் எழுதியிருக்கும். அது முதலாளி யார் என்று கேட்பதில்லை. தோட்டம் கதவடைத்தாலும் நிற்பதில்லை. அரிசிக்கு வழி பிறந்ததும் மளிகைக்காரரின் நோட்டில் எழுதும் பாக்கி சுருங்கியது. சீட்டுக்கும் மகளிர் குழுவுக்கும் கட்டுகிற பணத்துக்கு இடம் கிடைத்தது.

ஓசி அரிசி மக்களைச் சோம்பேறியாக்குகிறது, சிக்கனத்தைக் கெடுக்கிறது என்ற மறுப்பு இங்கே எழும். சோம்பேறி என்ற பேச்சுக்குத் தோட்டமே பதில். காலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் கூடையோடு சரிவில் நிற்பவர்கள் அந்த அரிசியைச் சாப்பிடுபவர்கள்தான். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, மூட்டையைத் தலையில் வைத்து லயத்துக்கு ஏறுகிறவருக்கு அது ஓசியும் அல்ல. ஆனால் இந்த மறுப்பின் இன்னொரு வடிவத்தை மதிக்க வேண்டும்: மலிவு அரிசி ஒன்றையே தட்டில் நிறைத்து, மலையின் பழைய சாமையையும் ராகியையும் ஓரம் தள்ளிவிட்டது, சர்க்கரை நோய்க்கு இடம் கொடுத்தது என்பது. இதில் உண்மை இருக்கிறது. எனினும் மலையில் தானியம் மறைந்ததற்கு ரேஷன் மட்டும் காரணமல்ல. உருளைக்கிழங்கு முதலில் அதன் நிலத்தை எடுத்தது. 1961-ல் உதகையில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டு, விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தபின் தேயிலை இன்னும் வேகமாகப் பரவியது. 1965-ல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வ் அமைந்து அந்தத் தொழிற்சாலைகள் பெருகியபோது சிறு விவசாயி பசுந்தேயிலைக் காசை நம்பி முழு நிலத்தையும் மாற்றினார். சோவியத் சந்தை சரிந்து 1990-களின் இறுதியில் இலை விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது, சொந்த நிலம் வைத்திருந்த வீடும் லயத்து வீடும் மளிகைக் கடைப் பாக்கியில் ஒன்றாக நின்றன. தேயிலையை விற்கலாம், சமைத்துச் சாப்பிட முடியாது. அவர்களைத் தாங்க அரசு அதே ரேஷன் கடை வழியாக அவர்கள் தேயிலையை ‘ஊட்டி டீ’ என்ற பெயரில் விற்றது என்பது கடையின் வீச்சைக் காட்டும்.

2023 மே மாதம் தமிழக அரசு நீலகிரியிலும் தர்மபுரியிலும் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. மலையில் நூறு வருஷம் முன்பு அறுவடையில் அளந்த தானியம் இப்போது பயோமெட்ரிக் எந்திரத்தில் விரல் வைத்து வாங்கும் தானியமாக வந்திருக்கிறது. கொள்முதல் சீராக நடந்து இது நிலைக்க வேண்டும். சாமையும் சேர வேண்டும். உணவுச் செலவில் மிச்சம் பிடிக்க மக்களுக்குப் பாடம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் மூன்று கேள்விக்குப் பதில் தேடட்டும்: கூலியும் இலைப் பணமும் சொன்ன தேதியில் வருகின்றனவா? கடை நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறதா? அதில் அரிசியைத் தவிர வேறு தானியம் உண்டா? இவை கைகூடிய அளவுக்கு நீலகிரிப் பெண்கள் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எதுவுமே இல்லாத காலங்களில் எவராலும் முடிந்ததில்லை.